யார் போட்ட ஒயர் இது? பழைய எம்ஜிபி காரில் மின்கோளாறுகளைத் துப்பறியும் வழிகாட்டி

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேலே பார்த்தால் இடியாப்பம் மாதிரி ஒயர்கள் தொங்கும். பாதிக்கு நிறம் வெளுத்திருக்கும். ஒன்றிரண்டு எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். ஒன்றை விரலால் தள்ளினால் எங்கோ ஒரு ரிலே, அதாவது கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச், 'டிக்' என்று அடிக்கும். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு இந்தத் தரிசனம் ஒருநாள் கிடைத்தே தீரும்.

என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி அது. என் கைக்கு வரும்முன் ஆறேழு பேரிடம் இருந்திருக்கிறது. போகிற போக்கில் ஆளுக்கு ஓர் ஒயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எம்ஜிபியை வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6, ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் எல்லாவற்றிலும் லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்களும் அதே நிறக் கணக்கும்தான். முறை மாறாது.

லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வது இந்தக் கார்க்காரர்களுக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது வயது வண்டியில் ஆலை போட்ட ஒயர் நடுவில் அறுந்து நான் பார்த்தது மிகக் குறைவு. கோளாறு இருப்பது இணைப்புகளில், எர்த்தில் (பாடி வழியாகக் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), அப்புறம் முந்தைய உரிமையாளர்கள் கை வைத்த இடங்களில்.

பிளேடைத் தொடுமுன்

தெரியாத ஒயரைப் பார்த்ததும் வெட்டி எறியக் கை பரபரக்கும். வேண்டாம். என் வண்டியில் இந்த ஒயரால் ஒரு பயனும் இல்லை என்று நான் அடித்துச் சொன்ன ஒன்று, இடது பார்க்கிங் விளக்குக்குப் போகிற ஒரே வழியாக இருந்தது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரு பிரேக் லைட் பல்ப், அதாவது 21 வாட், அதன் இரு முனையிலும் ஒயர் வைத்து முதலைக் கிளிப் போட்டது. ஐந்து மீட்டர் நீள ஒயர் ஒன்று, அதற்கும் இருபுறம் கிளிப். மாஸ்கிங் டேப், பேனா, நோட்டு. உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய வயரிங் படம். இந்த 'ஆண்டுக்குரிய' என்பது முக்கியம். எம்ஜிபி வயரிங் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வந்தது, விற்கப்பட்ட நாட்டைப் பொறுத்தும் மாறியது. 1965 வண்டியின் படத்தை வைத்து 1975 வண்டியைப் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

பல்ப் எதற்கு, மீட்டர் போதாதா என்று கேட்கலாம். போதாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை. 21 வாட் பல்ப் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். பச்சைக் களிம்பு பிடித்துப்போன இணைப்பு அங்கே மாட்டிக்கொள்ளும். மீட்டர் 12 காட்டி, பல்ப் மங்கலாக எரிந்தால், கோளாறு இந்த வழியில்தான்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். எம்ஜிபியில் பேட்டரி, இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்த இடுக்கில் ஸ்பேனர் பாடியில் படாமல் திருப்புவது கஷ்டம். எர்த் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றுமில்லை. கழறாமல் இருந்தால் ஸ்பேனரே வெல்டிங் ராடு ஆகிவிடும். பக்கத்தில் ஒரு தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியும் போலாரிட்டியும்

சாவி போடாமல், சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் அதைச் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள். இறங்கிய பேட்டரியை வைத்து வயரிங்கைச் சோதிப்பது, பசியோடு இருப்பவனிடம் பாட்டுக் கேட்பது மாதிரி. எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4க்குள் வந்தால் சார்ஜிங் சரி.

1974 வரை வந்த எம்ஜிபிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். நடுவில் போகும் இணைப்புக் கேபிளையும் மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

அடுத்து, எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? 1967 வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். அதாவது பாடிதான் பாசிட்டிவ். அதன்பிறகு பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, நெகட்டிவ் எர்த் ஆனது. பல பழைய வண்டிகளை இடையில் யாரோ மாற்றியும் இருப்பார்கள். ஆகவே புத்தகத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள், மீட்டரால் உறுதி செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அதன் டயோடுகள் நொடியில் போய்விடும்.

நிறங்களின் மொழி

இதுதான் பிரிட்டிஷ் கார்களின் பெரிய வரம். ஒயரின் அடிப்படை நிறம் அது எந்தக் குடும்பம் என்று சொல்லும். அதன்மேல் ஓடும் மெல்லிய கோடு எந்தப் பிள்ளை என்று சொல்லும். அடுத்த ஒரு பத்தியைப் படித்து மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது.

பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரன்ட் உண்டு, ஃப்யூஸ் கிடையாது. அதனால் பிரவுன் ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஆளில்லை, ஒயரே உருகும். பர்ப்பிள் என்றால் அதே கரன்ட்தான், ஆனால் ஃப்யூஸ் தாண்டி வந்தது: ஹார்ன், உள்விளக்கு. வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, ஃப்யூஸ் இல்லை: தீப்பொறிக்குக் கரன்ட் தரும் இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப். பச்சை, அந்த வெள்ளை ஃப்யூஸ் தாண்டியபின் எடுக்கும் பெயர்: பிரேக் லைட், இன்டிகேட்டர், வைப்பர், ஹீட்டர் விசிறி, பெட்ரோல் மீட்டர். நீலம் ஹெட்லைட், வெள்ளைக் கோடு இருந்தால் ஹைபீம், சிவப்புக் கோடு இருந்தால் டிப். சிவப்பு என்றால் பார்க்கிங் விளக்கு, பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. கறுப்பு எர்த். இளம்பச்சை, இன்டிகேட்டரின் ஃபிளாஷர் பக்கமும் மீட்டர்களுக்குக் கரன்ட் தரும் ஸ்டெபிலைசர் பக்கமும் தென்படும்.

பிள்ளைகளில் சிலதைத் தெரிந்துகொண்டால் போதும். பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது. பச்சையில் பர்ப்பிள் பிரேக் லைட். பர்ப்பிளில் கறுப்பு ஹார்ன் பட்டன். வெள்ளையில் சிவப்பு ஸ்டார்ட்டர் சொலினாய்டு. வெள்ளையில் கறுப்பு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. பிரவுனில் மஞ்சள், சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு.

வயரிங் படத்தில் பிரவுனுக்கு 'என்' என்ற எழுத்தும் நீலத்துக்கு 'யு' என்ற எழுத்தும் இருக்கும். ஆங்கிலத்தில் மூன்று நிறமும் 'பி'யில்தான் தொடங்கும்; கறுப்பு அதை எடுத்துக்கொண்டதால் மற்ற இருவருக்கும் வேறு எழுத்து தேட வேண்டியதாயிற்று. படம் கறுப்பு வெள்ளையில் இருந்தால் கலர் பென்சிலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தீட்டிவிடுங்கள். பிள்ளைகள் வேலை போலத்தான் இருக்கும். தீட்டி முடிக்கும்போது வண்டி உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு: ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சென்னையில் கட்டினார்கள். 1961இல் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து சென்னையில் கம்பெனி தொடங்கின; அதன் ஆலை சென்னையின் பாடி என்ற பகுதியில். ஊரில் ஹெரால்டில் கைவைத்த பழைய எலக்ட்ரீஷியன் யாராவது தெரிந்தவராக இருந்தால், இந்த வேலைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

தெரியாத ஒயரை விசாரிப்பது

இனி அந்தரத்தில் தொங்கும் ஆசாமிக்கு வருவோம்.

முதலில் தொடாமல் பாருங்கள். துணி அல்லது பிளாஸ்டிக் டேப் சுற்றிய ஆலைக் கொத்துக்குள்ளிருந்து வெளியே வருகிறதா, அல்லது கொத்துக்கு மேலே தனியாக ஓடுகிறதா? கொத்துக்குள்ளிருந்து வந்து, நிறமும் கோடும் மேலே சொன்ன கணக்கில் பொருந்தி, முனையில் துப்பாக்கிக் குண்டு வடிவப் பித்தளை முனை, அதாவது 'புல்லட்' இருந்தால், அது ஆலை போட்டதுதான். அப்படியிருந்தும் எதிலும் மாட்டாமல் இருக்கலாம். ஒரே வயரிங் கொத்தைப் பல விதமான வண்டிகளுக்குப் போட்டார்கள். பனி விளக்கு, பின்கண்ணாடி ஹீட்டர் போன்றவை இல்லாத வண்டியில் அதற்கான முனை சும்மா தொங்கும். அதற்கு ஒரு ரப்பர் உறை போட்டு, டேப்பில் பெயர் எழுதி, விட்டுவிடுங்கள்.

கணக்கில் வராத நிறம், கோடில்லாத ஒற்றை நிறம், மெல்லிய புது மாதிரி இன்சுலேஷன், நீலமோ சிவப்போ பிளாஸ்டிக் கிரிம்ப், அல்லது ஒயரைக் கடித்துக்கொண்டு இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் — இவை எல்லாம் பின்னால் வந்தவர் வேலை. அந்தக் கடிக்கும் கிளிப்பை நான் எங்கே கண்டாலும் கழற்றிவிடுவேன். ஆலை ஒயரின் இழைகளைப் பாதி அறுத்துவிட்டு, அந்த வெட்டு வழியாக ஈரத்தையும் உள்ளே விடும்.

அடுத்து, நாலு கேள்வி கேளுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் கிளிப் செய்து, சிவப்பு முனையை அந்த ஒயரில் வைத்துக்கொண்டு:

1. சாவி இல்லாமல் வோல்ட் வருகிறதா? வந்தால் அது பிரவுன் அல்லது பர்ப்பிள் குடும்பம்.
2. சாவி போட்டால் மட்டும் வருகிறதா? வெள்ளை அல்லது பச்சை. ஃப்யூஸைக் கழற்றியும் வந்தால் வெள்ளை.
3. விளக்கு சுவிட்சைப் போட்டால் வருகிறதா? சிவப்பு அல்லது நீலம்.
4. இன்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ் கியர், கதவு திறப்பது, ஹார்ன் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அசைகிறதா?

பாசிட்டிவ் எர்த் வண்டியில் டிஜிட்டல் மீட்டர் மைனஸ் போட்டுக் காட்டும். பயப்பட வேண்டாம், எண்ணை மட்டும் பாருங்கள்.

நாலுக்கும் பதில் இல்லையென்றால் அது எங்கிருந்தோ கரன்ட் எதிர்பார்க்கும் ஒயர், அல்லது எர்த், அல்லது இருபுறமும் செத்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓம் அளவுக்கு மாறுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். எரியாமல் குளிர்ந்திருக்கும் 21 வாட் பல்பின் இழைக்கு ஓர் ஓம்கூட இருக்காது. மீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பினால், பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரை எர்த் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பின்விளக்குப் பல்புகளைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மறுமுனை எங்கே என்று தேட அந்த ஐந்து மீட்டர் ஒயர் உதவும். ஒரு கிளிப்பை மர்ம ஒயரில் மாட்டி, மறு கிளிப்பை மீட்டரின் ஒரு முனையில் மாட்டிக்கொண்டு, இன்னொரு முனையோடு பானெட்டுக்குள்ளும் டிக்கிக்குள்ளும் நடந்துபோய்ச் சந்தேகமான ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான். மெதுவான வேலை. ஆனால் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னொரு இணைப்பு கழன்று, ஒன்று இரண்டாகும்.

கண்டுபிடித்ததை அப்போதே டேப்பில் எழுதி ஒயரில் ஒட்டுங்கள். 'அப்புறம் ஞாபகம் இருக்கும்' என்பது பொய். உண்மையிலேயே பயனில்லாத ஒயர் என்று உறுதியானாலும் அடியோடு வெட்டாதீர்கள். கரன்ட் வரும் முனையில் கழற்றி, பத்து சென்டிமீட்டர் விட்டு, முனையை மூடி, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போனால் திரும்ப மாட்டிவிடலாம்.

எர்த்: கரன்ட் திரும்பிப் போகும் வழி

பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும் கோளாறுகள் பெரும்பாலும் இங்கேதான். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரியும். இடது இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கும். ஹெட்லைட் போட்டால் இன்டிகேட்டர் வேகம் மாறும்.

ஏன் இப்படி? பின்னால் இருக்கும் பல்பில் இரண்டு இழைகள். ஒன்று பிரேக்குக்கு, ஒன்று பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் திரும்பும் வழி பல்பின் உடம்புதான். அந்த உடம்புக்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால், பிரேக் இழை வழியாக வந்த கரன்ட் வேறு போக்கிடம் தேடும். பார்க்கிங் இழை வழியாக ஏறி, சிவப்பு ஒயரில் பின்னோக்கி ஓடி, மற்ற பார்க்கிங் விளக்குகளையும் டேஷ்போர்டு விளக்குகளையும் கடந்து அவற்றின் எர்த்தில் இறங்கும். போகிற வழியில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் எரியவிட்டுப் போகும். பார்ப்பவருக்கு மாந்திரீகம்.

எர்த்தைச் சோதிக்க ஓம் அளவு பயன்படாது. விளக்கை எரியவிட்டு வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். பிரேக்கை யாரையாவது மிதிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும், இன்னொன்றைப் பல்பின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அத்தனையும் திரும்பும் வழியில் வீணாகிறது. அதேபோல் பேட்டரியின் மறு கம்பத்திலும் பல்புக்கு வரும் ஒயரின் முனையிலும் வைத்தால், வரும் வழியில் எவ்வளவு போகிறது என்று தெரியும். இப்படி ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே போனால், எண் திடீரென்று குதிக்கும் இடம் ஒன்று வரும். கோளாறு அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதா? இதே சோதனைதான். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். ஹெட்லைட்டின் முழுக் கரன்ட்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. ஐம்பது ஆண்டு பொரிந்த சுவிட்சுக்கு அது பாரம்தான். ஒரு ரிலே போட்டுக்கொள்வதில் தப்பில்லை. போட்டால் நோட்டில் எழுதுங்கள்.

எர்த் இணைப்பைச் சரிசெய்வது சுலபம். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி இறுக்குங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைத் தனியாகக் கவனியுங்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் குமிழ் சுட்டால், அல்லது கேபிள் உறையிலிருந்து புகை வந்தால், உடனே நிறுத்திவிட்டு அந்தப் பட்டையைத் தேடுங்கள். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை பார்த்தவர் திரும்ப மாட்ட மறப்பது வழக்கம்.

ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று எழுதியிருந்தால், 35 ஆம்பியரில் அது போய்விடும் என்று பொருள்; தொடர்ந்து தாங்குவது 17தான். வேறு நாட்டுக் கண்ணாடி ஃப்யூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அந்தக் கணக்கில் 35 வாங்கிப் போட்டால், ஃப்யூஸ் பிழைத்துக்கொள்ளும், ஒயர் எரியும்.

ஷார்ட்டைத் தேட ஃப்யூஸ் ஃப்யூஸாகக் காசை எரிக்க வேண்டாம். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைக்கும் நடுவில் 21 வாட் பல்பைக் கிளிப் செய்யுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், ஒயருக்கு ஒன்றும் ஆகாது. இப்போது அந்த ஃப்யூஸுக்குக் கீழே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்ப் மங்குகிறதோ, ஆள் அங்கே. பல்ப் எரியும்போதே ஒயர்க் கொத்தை அங்கங்கே ஆட்டிப் பார்க்கலாம். ஓரிடத்தில் கண் சிமிட்டும். என் அனுபவத்தில் உரசல் இடங்கள் இவைதான்: எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுச்சுவரில் ரப்பர் வளையம் உதிர்ந்த துளை, ஹெட்லைட் கிண்ணத்தின் உள்ளே, ஸ்டியரிங் தண்டு பக்கம், கியர்பாக்ஸுக்கு மேல் ரிவர்ஸ் சுவிட்சுக்குப் போகும் ஒயர், ஜிடி மாடலில் பின்கதவின் கீல்.

ஃப்யூஸ் நல்லாயிருந்தும் கரன்ட் வராத வழக்கும் உண்டு. ஃப்யூஸ் பெட்டியின் கவ்விகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஃப்யூஸை விரலால் உருட்டிப் பாருங்கள். உயிர் வந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

காலையில் பேட்டரி செத்திருந்தால்

எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் முதலில் பல்பை மாட்டுங்கள். எரிந்தால் பெரிய கசிவு. எரியாவிட்டால் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து மாட்டுங்கள். கடிகாரமோ ரேடியோவோ இல்லாத எம்ஜிபி, பூஜ்யம் காட்ட வேண்டும். இருந்தால் சில மில்லி ஆம்பியர். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும்.

அதிகமாகக் காட்டினால் முதலில் பர்ப்பிள் ஃப்யூஸ், அப்புறம் ஆல்டர்னேட்டரின் பிளக். பிளக்கைக் கழற்றியதும் கசிவு நின்றால் உள்ளே டயோடு போயிருக்கிறது. இரண்டுமில்லையென்றால் யாரோ பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர். என் வண்டியில் அப்படி ஒரு தடித்த சிவப்பு ஒயர், கம்பளத்துக்கு அடியில் வந்து, முன்சீட்டுக்குக் கீழே டேப் உருண்டையாக முடிந்திருந்தது. என்றோ இருந்த ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டது. ஃப்யூஸ் கிடையாது. டேப்பின் பசை உருகி, செம்பு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, சீட் தண்டவாளத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

மீட்டர்களும் காயிலும்

பெட்ரோல் மீட்டரும் எலக்ட்ரிக் வெப்ப மீட்டரும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் இரண்டும் கெட்டுவிட்டன என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் சராசரி 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் ஒருசேர அதிகமாகக் காட்டினால் அதன் எர்த்தைப் பாருங்கள். 1974க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் வண்டிகளில் காயிலுக்கு முன்னால் மின்தடை ஒயர் ஒன்று கொத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சின்னத் தொடுமுனை மூடியிருக்கும்போது காயிலில் 6 வோல்ட்தான் வருகிறதே என்று பதறி அதைத் தாண்டி நேர் ஒயர் இழுத்தால், காயில் சூடேறிச் சாகும்.

வந்து வந்து போகும் கோளாறு

இதுதான் கடினமானது, ஏனென்றால் நீங்கள் பார்க்கும்போது நல்லபிள்ளையாக இருக்கும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தனியாக ஓட்டினால் வண்டி நூறு மைல் போகும். மனைவி ஏறி உட்கார்ந்தால் ஐந்து மைலில் நின்றுவிடும். மூன்று முறை இப்படி. "நான் ஏறினாத்தான் உங்க வண்டிக்கு உடம்புக்கு முடியாம போகுது" என்றாள். நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னது சரியான தடயம்.

இப்படிப்பட்ட கோளாறுக்குச் சோதனைக் கருவியை நிரந்தரமாக மாட்டி விட்டுவிட வேண்டும். இரண்டு சின்னப் பல்புகளை எடுத்து, ஒன்றைக் காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரிலும், இன்னொன்றைப் பெட்ரோல் பம்புக்குப் போகும் வெள்ளை ஒயரிலும் இணைத்து, டேஷ்போர்டு மேல் டேப் போட்டு ஒட்டினேன். எம்ஜிபியில் பம்ப் பின்பக்கம், வண்டிக்கு அடியில் இருக்கிறது. சாவி போட்டதும் 'டக் டக் டக்' என்று அடித்து, பெட்ரோல் நிரம்பியதும் நிதானமாகும். அந்தச் சத்தத்தைக் காது பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்த பயணத்தில் வண்டி இருமியது. காயில் பல்ப் எரிகிறது, பம்ப் பல்ப் அணைந்திருக்கிறது. மனைவி காலை மாற்றி வைத்தாள், பல்ப் எரிந்தது. சீட்டுக்கு முன்னால் கம்பளத்தைத் தூக்கினால், ஓர் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சின்ன டாகிள் சுவிட்ச். பம்பின் வெள்ளை ஒயரை வெட்டி நடுவில் போட்டிருந்தார்கள். திருடனுக்கு வைத்த பொறி. அவள் செருப்பின் நுனி அதைத் தொடும்போதெல்லாம் பெட்ரோல் நின்றிருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும்வரை ஓடி, அப்புறம் நின்றிருக்கிறது.

ஆகவே கோளாறு வரும்போது வேறென்ன நடந்தது என்பதை எழுதி வையுங்கள். திருப்பமா, மழையா, எஞ்சின் சூடா, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்த சுவிட்ச் போட்டிருந்தது.

சரிசெய்யும்போது

பித்தளைப் புல்லட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நைசான உப்புத்தாளால் தேய்த்து, புதிய ரப்பர் உறையில் மாட்டுங்கள். பழைய உறைக்குள் இருக்கும் உலோகக் குழாய் துருப்பிடித்திருக்கும், தேய்த்தாலும் உள்ளே எட்டாது, விலையும் சொற்பம்தான். ஓர் இணைப்பைத் தொட்டால் சுடுகிறதென்றால் அங்கே மின்தடை இருக்கிறது. எதையும் அளக்கத் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். புது ஒயர் போட்டால் அதே நிறத்தில், அதே கோட்டோடு வாங்குங்கள். பழைய பிரிட்டிஷ் கார் சாமான் விற்பவர்களிடம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சிவப்பு கையில் இருக்கிறதே என்று ஹார்னுக்குச் சிவப்பு போட்டால், இருபது ஆண்டு கழித்து ஒருவர் இதே மாதிரி படுத்துக்கொண்டு உங்களைத் திட்டுவார். நீங்களாகச் சேர்க்கும் எதற்கும் தனி ஃப்யூஸ், அதுவும் கரன்ட் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுவிடுங்கள். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

படத்தில் எல்லா மாற்றங்களையும் கையால் வரைந்து, லாமினேட் செய்து, கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். அந்தத் திருட்டுத் தடுப்பு சுவிட்சை மட்டும் நான் கழற்றவில்லை. யோசனை நல்லது, இடம்தான் தப்பு. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். படத்தில் அதை வரையவில்லை. மனைவிக்குத் தெரியும்.